பட்டியலில் இல்லாத தெரு

உள்ளே வாருங்கள் அம்மா. செருப்போடு வரலாம், பரவாயில்லை. தரையைப் பார்த்துப் பார்த்துத் துடைக்கிறவள் மகன் வீட்டில் இருக்கிறாள். நான் மட்டும்தான் இங்கே.

நீங்கள் வாசலில் நின்று விளக்குக் கம்பத்தை நகத்தால் சுரண்டியதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே நீலம் தெரிந்ததா? தெரிந்திருக்கும். அது உங்கள் நகராட்சி போட்ட கோடுதான். பெரிய வெள்ளம் வந்த வருஷம், தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒவ்வொரு கம்பத்திலும் நீலத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். அதன்மேல் இருக்கிற வெள்ளி பெயிண்ட் எங்கள் சங்கத்துச் செலவு. யார் அடிக்கச் சொன்னது என்று கேட்பீர்கள். நான்தான். தணிகாசலம். கோமளவல்லி நகர் நாலாவது குறுக்குத் தெரு, குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர். முன்னாள் செயலாளர் என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவது சரியாக இருக்க வேண்டும்.

தண்ணீர் கேட்டீர்களே, குடியுங்கள். பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டுத்தானே வருகிறீர்கள்? டெய்லர் ஆரோக்கியசாமி வீடு. என்ன சொன்னார்? அவர் அடிக்கணக்கில் சொல்லமாட்டார், இஞ்ச் கணக்கில் சொல்வார். ஐம்பத்திரண்டு இஞ்ச் என்றாரா? சரிதான். அவர் அளவு தப்பாது. எனக்கு இருபது வருஷம் சட்டை தைத்தவர்.

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

சொல்லமாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. மனதில் இருப்பதைக் கேட்டுவிட்டால் நான் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். கடைசியாக வந்த வெள்ளம் வடிந்த பிறகு ஒருநாள், நான் தைக்கக் கொடுத்திருந்த துணியைக் கொண்டுவந்து இந்த நாற்காலியில் வைத்தார். மூன்று மீட்டர், வெட்டாத துணி, மடித்து. போய்விட்டார். நான் அப்படி என்ன செய்துவிட்டேன் அம்மா? முதலிலிருந்து சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன். முப்பத்திரண்டு வருஷம். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதுவதுதான் வேலை. ஒருதரம் ஒரு டிரைவர், ஆறு நாற்பத்து மூன்றுக்கு வந்தவர், ஆறு நாற்பது என்று எழுதச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். மனைவிக்குப் பிரசவ நேரம், அதனால் தாமதம் என்றார். இருக்கலாம். நான் ஆறு நாற்பத்து மூன்று என்றுதான் எழுதினேன். அவருக்கு மெமோ வந்தது. பார்த்ததைத்தான் எழுதுவேன். அது என் பழக்கம்.

இந்த வீட்டில் பதினெட்டு வருஷம் வாடகைக்கு இருந்தோம். பெரிய வெள்ளம் வந்தபோது கீழ்த்தளம் முழுக்க மூழ்கியது. நாங்கள் மாடி அறையில் உட்கார்ந்திருந்தோம், நாலு நாள், பிஸ்கட் தின்றுகொண்டு. ஆரோக்கியசாமியின் மனைவி பிலோமினாவுக்கு அப்போதே பக்கவாதம், எழுந்து நடக்க முடியாது. எங்கள் தெரு நகராட்சியின் தாழ்வான பகுதிப் பட்டியலில் இருந்ததால் முதல் நாளே போட் வந்தது. வாசலோடு வந்து, கட்டிலோடு அந்த அம்மாளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, “தணிகாசலம், வித்துடலாம்னு இருக்கேன். வெளியாளுக்கு ஏன் கொடுக்கணும், நீங்களே எடுத்துக்குங்க” என்றார். அவர் சொன்ன விலைக்குப் பக்கத்து நகரில் ஒரு கார் ஷெட் கூடக் கிடைக்காது. ஏன் அந்த விலை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மனைவி மரகதம் அன்றைக்குச் சுவரைத் தடவிப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட சுவர். உடனே போய் ஒரு ஆணி வாங்கிக்கொண்டு வந்தாள்.

எனக்கு ஓய்வு ஆகிவிட்டது, அதனால் வீடு என் பெயரிலும் மகன் முகுந்தன் பெயரிலும், கடன் அவன் பெயரில். ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் வேலை. வங்கியில் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வீட்டை மதிப்பீடு செய்ய ஒரு இன்ஜினியர் வந்தார். அறை அறையாக அளந்தார். கடைசியில் வாசலுக்கு வந்து, “சார், கொஞ்சம் இந்த போஸ்ட் பக்கத்துல நில்லுங்க” என்றார். நின்றேன். போட்டோ எடுக்கிறாரே என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் எடுத்தது என்னை இல்லை அம்மா. நீலக் கோட்டை. அது என் சட்டைப் பையின் உயரத்துக்கு இருந்தது. உயரம் காட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். சின்ன வயசுப் பெண், மரியாதையாகத்தான் பேசினார். கோப்பைத் திறந்தால் முதல் பக்கத்தில் நான் சிரிக்கிறேன்.

“உங்க பையன் சம்பளம் ஓகே சார். பத்திரமும் கிளியர். வீடுதான் பிரச்சினை.”

“வீட்டுக்கு என்னங்க?”

“வீட்டுக்கு ஒண்ணும் இல்ல. தெருவுக்குத்தான்.”

தாழ்வான பகுதிப் பட்டியலில் இருக்கிற தெருவுக்கு அவர்கள் கடன் கொடுப்பதில்லை என்றார். பட்டியலில் இல்லை என்று நகராட்சி கடிதம் கொடுத்தால் மறுபடி பார்க்கலாம் என்றார். நான் கேட்டேன், தெரு மாறாதே, மழை மாறாதே, கடிதம் வந்தால் மட்டும் என்ன மாறும் என்று. “கோப்பு மாறும் சார்” என்றார். கவனியுங்கள், அவர் வாயால் சொன்னது. நான் சொல்லவில்லை.

உங்கள் அலுவலகத்துக்குப் போனேன். தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, எங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதில்லை என்று எழுதிக் கொடுத்தால் எடுத்துவிடலாம் என்றார்கள். ஒரு மழைநீர் வடிகால் கேட்டு ஆறு வருஷம் மனுக் கொடுத்திருக்கிறோம், ஒரு பதில் இல்லை. இதற்கு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

கடிதத்தை நான்தான் எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு. சித்திரை மாதம் எழுதினேன். எழுதும்போது எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன் அம்மா, சத்தியமாக. தெருவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. புழுதி பறந்தது. பார்த்ததைத்தான் எழுதினேன்.

அப்புறம் வீடு வீடாகப் போனேன். முப்பத்தெட்டு வீடு. யாரையும் நான் ஏமாற்றவில்லை. பட்டியலில் இருந்து எடுத்தால் உங்கள் வீட்டுக்கும் விலை ஏறும், நாளைக்கு நீங்களும் கடன் வாங்கலாம் என்று சொன்னேன். அது உண்மைதானே? மூன்றாம் நம்பர் பெருந்தேவி டீச்சர்தான் முதல் கையெழுத்து. மகள் கல்யாணத்துக்கு வீட்டை அடமானம் வைக்க அலைந்துகொண்டிருந்தார். நான் பேனாவை எடுப்பதற்குள் அவர் பேனா எடுத்துவிட்டார். இப்போது சங்கத்துக்குச் செயலாளர் அவர்தான். என்னைப் பார்த்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போகிறார், வெயில் அந்தப் பக்கம் இருந்தாலும்.

முப்பத்தேழு கையெழுத்து ஒரே வாரத்தில் வந்துவிட்டது. ஆரோக்கியசாமி மட்டும் பாக்கி. அவர் வீடுதான் தெருவிலேயே பள்ளம். ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போய், அவர் இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் போகிறார். வெட்டுகிற மேஜைக்குப் பக்கத்தில் கட்டில், கட்டிலில் அந்த அம்மாள். அவர் துணி வெட்டிக்கொண்டே பேசுவார், அந்த அம்மாள் பட்டன்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருப்பார், ஒரு கையால். மூன்று தரம் போனேன். மூன்றாவது தரம்தான் வாயைத் திறந்தார்.

“சார், பட்டியல்ல இருந்து எடுத்துட்டா போட் வராதே.”

“போட் எதுக்கு ஆரோக்கியம்? நான் இருக்கேன்ல? தண்ணி உன் வாசப்படியைத் தொடுறதுக்குள்ள தங்கச்சியைத் தூக்கிட்டு வந்து எங்க மாடி ரூம்ல படுக்க வெச்சிட மாட்டேனா?”

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“எழுதித் தரட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம் சார். நீங்க சொன்னா போதும்.”

கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் எழுதித் தருகிறேன் என்றுதான் சொன்னேன். வேண்டாம் என்றது அவர். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆகஸ்ட் பதினைந்துக்குக் கம்பங்களுக்கெல்லாம் வெள்ளி பெயிண்ட் அடித்தோம். தெருவே கல்யாண வீடு மாதிரி இருந்தது. கடன் கிடைத்தது. கிரகப்பிரவேசத்துக்கு ஜன்னல் திரை எல்லாம் ஆரோக்கியசாமிதான் தைத்தார். கூலி வாங்கமாட்டேன் என்றார், நான்தான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். யாரிடமும் சும்மா வாங்கிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதோ தொங்குகிறதே, அந்தத் திரைதான். வெள்ளத்தில் நனைந்தும் சாயம் போகவில்லை பாருங்கள்.

ஐந்து வருஷம் ஒன்றும் இல்லை. ஐந்து வருஷம் அம்மா. தெருவில் இரண்டு வீடு நல்ல விலைக்கு விற்றது. தணிகாசலம் இல்லையென்றால் நடக்குமா என்று எல்லோரும் பேசினார்கள். பொங்கல் விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். பெருந்தேவி டீச்சர்தான் போட்டார். அதையெல்லாம் இப்போது யார் பேசுகிறார்கள்?

ஆறாவது வருஷம் கார்த்திகையில் புயல் என்று டிவியில் சொன்னார்கள். முகுந்தன் அப்போது கம்பெனிக்குப் பக்கத்திலேயே மூன்றாவது மாடியில் வாடகைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் கார் அனுப்பினான், நீயும் அம்மாவும் உடனே வாருங்கள் என்று. மழை தூறிக்கொண்டிருந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை. நான் எல்லாவற்றையும் முறையாகப் பூட்டினேன். முன்கதவு, பின்கதவு, மாடிப்படிக்குப் போகிற கிரில். அது வெளிப்பக்கம் இருக்கிற படி, பார்த்திருப்பீர்கள். அதற்கு ஏழு லீவர் பூட்டு, நல்ல பூட்டு.

காரில் ஏறும்போது மரகதம், “கிரில் சாவியை ஆரோக்கியம் அண்ணன்கிட்ட கொடுத்துட்டு வாங்க” என்றாள். நாளைக்கே வந்துவிடப் போகிறோம் என்றேன். மாடி அறையில் வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் இருந்தது. கடன் வாங்கின வீடு அம்மா, அப்படித் திறந்து போட்டுவிட்டு வரமுடியாது. டிரைவரும் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலையிலேயே ஏரித் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவது தெருவுக்கு போட் வந்திருக்கிறது, ஐந்தாவது தெருவுக்கு வந்திருக்கிறது. நாலாவது தெரு முனையில் போட்டைப் பார்த்துவிட்டுப் பெருந்தேவி டீச்சர் மாடியிலிருந்து கத்தியிருக்கிறார். போட்டில் இருந்தவர் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள் வைத்திருந்தாராம். பார்த்துவிட்டு, “உங்க தெரு லிஸ்ட்ல இல்லீங்களே” என்றாராம். நியாயம்தான். அவருக்குக் கொடுத்த தாளில் இருப்பதைத்தானே அவர் செய்ய முடியும்? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மறுநாள் வந்தார்களாம்.

ஆரோக்கியசாமி எனக்குப் போன் செய்தார். பதினோரு தரம். போனில் இருக்கிறது, அழிக்கவில்லை, காட்டட்டுமா? முதல் கால் எட்டு பதினாறுக்கு. கடைசி கால் ஒன்பது ஐம்பத்து நாலுக்கு. எடுத்து என்ன சொல்வது அம்மா? சாவி என் பையில் இருக்கிறது. நடுவில் முப்பது கிலோமீட்டர், முழுக்கத் தண்ணீர். எடுத்தால் மட்டும் சாவி அங்கே போய்விடுமா? மரகதம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் டிவி பார்த்தேன். எங்கள் பகுதியைக் காட்டுவார்களா என்று.

அந்த அம்மாளை வெட்டுகிற மேஜைமேல் படுக்க வைத்திருக்கிறார். தண்ணீர் மேஜைக்கும் மேலே வந்ததும் தலையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். திங்கட்கிழமை காலையிலிருந்து மறுநாள் போட் வருகிறவரை. அவர் சொல்லவில்லை, தெருவில் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த அம்மாள் தண்ணீரில் சாகவில்லை. இதை எல்லோரும் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒன்பதாவது நாள், நிமோனியா காய்ச்சலில். இறப்புச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. வெள்ளம் என்ற வார்த்தையே அதில் கிடையாது.

இன்னொன்று. கிரில் பூட்டை உடைத்திருக்கலாம் அல்லவா? இந்த இடத்திலிருந்து அந்த இடம், பத்தடி தூரம். ஒரு கல்லை எடுத்து நாலு போட்டால் எந்தப் பூட்டும் திறக்கும். நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? நான் திரும்பி வந்து முதலில் பார்த்தது அந்தப் பூட்டைத்தான். ஒரு கீறல் இல்லை. துருப்பிடித்துச் சாவி நுழையாமல், நானே ஆள் வைத்து அறுக்க வேண்டியிருந்தது. அப்போது ஆரோக்கியசாமி அவர் வீட்டு வாசலில் தையல் மெஷினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பூட்டை அறுக்கிற சத்தத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அன்று மாலைதான் துணியைக் கொண்டுவந்து வைத்தது.

என்ன கேட்கிறீர்கள்? தலையைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு எப்படிக் கல்லைத் தேடுவது என்றா? நீங்களும் சின்ன வயசு. தெருக்காரர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

மரகதம் அந்த மாதமே மகனிடம் போனவள்தான். அவள் அடித்த ஆணி மட்டும் இருக்கிறது, அதோ. முகுந்தனும் விற்றுவிடலாம் என்கிறான். ஆள் கிடைத்துவிட்டது. சின்ன ஜோடி, அந்தப் பெண்ணுக்கு ஆறாவது மாதம். வாசலில் நின்று கம்பத்தைப் பார்த்து, தெருவெல்லாம் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்றாள். அவர்கள் வங்கியிலும் இன்ஜினியர் வந்தார், போட்டோ எடுத்தார், எல்லாம் முடிந்தது. நகராட்சி கொடுத்த கடிதத்தை நான் அப்போதே லாமினேட் செய்து வைத்திருந்தேன், அதிலிருந்து ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். வியாழக்கிழமை பதிவு.

வெள்ளம் வந்தது என்று அவர்களிடம் சொன்னேனா? அவர்கள் கேட்கவில்லையே. கேட்காததற்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

சரி, உங்கள் படிவத்தைக் கொடுங்கள், பார்க்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். தெருவை மறுபடி பட்டியலில் சேர்ப்பதற்கு. வெள்ளத்தன்று வீட்டுக்குள் தண்ணீரின் உயரம், வீட்டு உரிமையாளர் கையெழுத்து. ஓஹோ. எத்தனை வீடு சொல்லியிருக்கிறார்கள்? முப்பது வேண்டுமா? இருபத்தொன்பது ஆகிவிட்டதா? மற்ற எட்டு வீடு? தெரியும், தெரியும். புதிதாகக் கடன் வாங்கினவர்கள். போடமாட்டார்கள்.

அப்படியானால் என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை வாருங்கள் அம்மா. வியாழக்கிழமை தாண்டட்டும், முதல் ஆளாகப் போடுகிறேன். நீங்கள் சொல்லவே வேண்டாம், நானே அலுவலகத்துக்கு வந்து போடுகிறேன். என்ன? இன்றைக்குத்தான் கடைசி நாளா? ஆமாம், வெள்ளிக்கிழமை நான் உரிமையாளர் இல்லைதான். அது எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கெட்டிக்காரப் பெண்.

பேனா வேண்டாம். வைத்துக்கொள்ளுங்கள். நான் கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். தண்ணீர் எத்தனை அடி வந்தது என்று கேட்கிறீர்கள். நான் அன்றைக்கு இங்கே இல்லை. நான் பார்க்கவில்லை. பார்க்காததை நான் எப்படி எழுதுவேன்? முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நிமிஷம் மாற்றி எழுதினவன் இல்லை நான். சுவரில் கறை இருந்தது, அதைப் பார்த்தேன். ஆனால் கறை வேறு, தண்ணீர் வேறு. அதற்கும் இப்போது சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது.

இதோ, கீழே இன்னொரு கட்டம் இருக்கிறது பாருங்கள். “வீடு பூட்டியிருந்தது.” இதில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போங்கள். உங்களுக்கும் சிரமம் இல்லை, எனக்கும் இல்லை. அன்றைக்கு வீடு பூட்டித்தான் இருந்தது, எல்லா இடமும். அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது.

சந்தேகமாக இருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஆரோக்கியசாமியே சாட்சிக் கையெழுத்துப் போடுவார்.